பன்னிரண்டாம் எண் பார்லி

துலாவர்ஷம் என்கிற ஐப்பசி மழையின் மேகம் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் மேல் கவிழ்ந்து நின்ற ஒரு வியாழக்கிழமை காலை, பத்தரை மணிக்கு, லதீஃபா மாடிப்படி ஏறி வந்தாள். அதற்குள் நஜ்முதீன் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே எத்தனை நடை நடந்தான் என்பது அவனுக்கே தெரியாது. இரண்டு வாரமாக ஒரு விசாரணையும் வரவில்லை. வேலை இல்லையென்றால் அவனுக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. வேலை வந்துவிட்டால் வாய் நிற்காது.

மேஜைக்குப் பின்னால் ஆவுடையம்மாள் ஒரு கிராம்பை மென்றபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருடம் கொச்சித் துறைமுகத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நனைந்த சரக்கைப் பார்வையிடும் சர்வேயராக இருந்தவர். மூட்டையை முகர்ந்தே இது கடல்தண்ணீர், இது மழைத்தண்ணீர், இது வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்ட தண்ணீர் என்று சொல்லிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு இந்த மாடி அறையை எடுத்துச் சொந்தமாக விசாரணை நடத்துகிறார். அந்த நாளில் ஆட்டோவில் அவரைத் துறைமுகத்துக்கு ஏற்றிப்போன நஜ்முதீன், இன்று தன்னைப் பார்ட்னர் என்று சொல்லிக்கொள்கிறான். அவர் இதுவரை மறுக்கவில்லை.

“நஜ்மு இக்கா, கொஞ்சம் உட்காருங்க. நீங்க நடக்கிறதப் பார்த்தா எனக்குப் படபடப்பு கூடுது” என்றாள் லதீஃபா. செருப்பைக் கழற்றிப் போட்டவள் உட்காராமல் அவளே நின்றுகொண்டிருந்தாள். இதே தெருவில் வளர்ந்த பெண். நஜ்முதீனுக்கு அவள் வாப்பாவைத் தெரியும். விவசாயப் படிப்பு படித்து, தானிய ஆராய்ச்சி செய்யும் ஓர் அறக்கட்டளையில் வேலை பார்க்கிறாள்.

“அக்கா, நாலு மணிக்கு எங்க டைரக்டர் வராங்க. அதுக்குள்ள நான் திருடி இல்லன்னு ஆகணும். இல்லன்னா இன்னியோட எல்லாம் முடிஞ்சது.”

“என்ன போச்சு?” என்று கேட்டார் ஆவுடையம்மாள்.

“பார்லி. நாலு கிலோ பார்லி விதை.”

நஜ்முதீனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பார்லி என்றால் அவனுக்குத் தெரிந்தது உம்மா காய்ச்சலுக்கு வைத்துக் கொடுக்கும் கஞ்சித்தண்ணீர்தான். அதில் நாலு கிலோவுக்கு ஒரு டைரக்டர் ஓடி வருவாரா?

லதீஃபா விளக்கினாள். வடக்கே பார்லி குளிர்காலப் பயிர். வருஷத்துக்கு ஒரு போகம்தான். இடையில் இருக்கும் மாதங்களை வீணாக்காமல், நீலகிரிக் குளிரில் ஒரு போகம் விளைவித்துப் புதிய ரகங்களின் விதையைப் பெருக்கிக்கொள்வார்கள். இந்த வருஷம் பன்னிரண்டு ரகம், பன்னிரண்டு பாத்தி. அறுத்த விதை பன்னிரண்டு துணிப்பைகளில் இங்கே மட்டாஞ்சேரி ஆபீசுக்கு வந்திருக்கிறது. சுத்தம் செய்து, முளைப்பு பார்த்து, ஐந்து ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வடக்கு மையத்துக்கு அனுப்ப வேண்டும். நவம்பரில் அங்கே விதைத்து, எந்த மண்ணில் எது தாங்குகிறது, எவ்வளவு உரத்தில் எவ்வளவு விளைகிறது என்று ஒப்பிட்டு, கடைசியில் ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுப்பார்கள்.

“பையில பேரு கிடையாது, எண் மட்டும்தான். வயல்ல பாத்திக்கு என்ன எண்ணோ, பைக்கும் அதே. எந்த எண் யாரோடதுன்னு எழுதின கவரு டைரக்டர்கிட்ட சீல் வச்சு இருந்துச்சு. போன வாரம் கிருஷ்ணபிரசாத் சார் சொல்லி, எங்க ஆபீசுக்குக் கீழ குடோன்ல வேலை பார்க்கற பொண்ணு ஒவ்வொரு பையிலயும் நூறு மணி எடுத்து ஈரத் தாள்ல வச்சா. நேத்து சாயங்காலம் எண்ணினோம். பதினோரு தட்டுல தொண்ணூறுக்கு மேல முளைச்சிருக்கு. பன்னிரண்டாவது தட்டுல வெறும் ஒம்பது.”

“கிருஷ்ணபிரசாத் யாரு?”

“என்னை மாதிரி புது ரகம் உருவாக்கறவர். பன்னிரண்டாம் பையைத் திறந்து பார்த்தா உள்ள வேற சரக்கு. யாரோ விதையை எடுத்துட்டு மாத்தி வச்சிருக்காங்க. டைரக்டருக்குப் போன் பண்ணினோம். அவங்க அப்பவே கவரை உடைச்சு, எங்க ரெண்டு பேர்கிட்டயும் மட்டும் சொன்னாங்க. பன்னிரண்டு கிருஷ்ணபிரசாத் சாரோட ரகம்.” அவள் குரல் இறங்கியது. “என்னோட ரகத்துக்குப் போட்டின்னா அது ஒண்ணுதான் அக்கா. மலைக்காத்துல அது சாஞ்சு போச்சு. ஆனா காத்து குறைஞ்ச சமவெளியில என்னுதை அது முந்தும்னு அவர் சொல்லிட்டே இருந்தார். உலகத்துல அந்த விதை அந்த நாலு கிலோதான். அது இல்லாட்டி யாருக்கு லாபம்னு டைரக்டர் கேட்டாங்க.”

“சீல் வச்ச கவர்ல இருக்கறது எனக்கெப்படித் தெரியும்னு நீ கேட்டிருக்கலாமே!” என்று நஜ்முதீன் பாய்ந்தான்.

“ஆறு வருஷம் பார்லியோட குடித்தனம் நடத்தறேன் இக்கா. கதிரைப் பார்த்தா யார் ரகம்னு தெரியாதா? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

இப்படி ஒரு பெண் உண்மையைப் பேசித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாளே என்று நஜ்முதீன் மறுபடி நடக்க ஆரம்பித்தான். ஆவுடையம்மாள் மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “வா, பையைப் பார்க்கலாம்” என்றார்.

அறக்கட்டளையின் ஆபீஸ் நான்கு கட்டடம் தள்ளி, ஏலம், சுக்கு, மிளகு என்று மலஞ்சரக்கு விற்கும் சிவராமகிருஷ்ணன் என்ற வியாபாரியின் குடோனுக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே ஏலக்காய்க்காக அவர் கட்டிய குளிர் அறையில் ஒரு மூலையை விதைப் பைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கொச்சி ஈரத்தில் வெளியே வைத்தால் விதை ஒரு மாதத்தில் செத்துப்போகும். பஜார் ரோட்டில் லாரிகள் முட்டிக்கொண்டு நின்றன. அந்த நாலு கட்டடத்தைக் கடப்பதற்குள் நஜ்முதீன் மூன்று டிரைவர்களோடு சண்டை போட்டுவிட்டான்.

குளிர் அறையைத் திறந்துவிட்டவள் இசக்கிசெல்வி, குடோனில் சுக்கு புடைக்கும் பெண். சாவி மூன்று என்றாள். ஒன்று தன்னிடம், ஒன்று மாடி ஆபீஸில், ஒன்று முதலாளியிடம்.

“நீ அந்த மலைக்குப் போயிருக்கியாம்மா? வயலைப் பார்த்திருக்கியா?” என்று கேட்டார் ஆவுடையம்மாள்.

“நான் எங்க போறது? சங்கரன்கோயில்ல இருந்து இங்க வந்தேன், இந்தக் குடோனுக்குள்ளயே கெடக்கேன். ஆகஸ்டுல வயல் விழான்னு வேன் வச்சு எல்லாரும் போனாக. மொதலாளிகூடப் போனாரு. என்னைய யாரு கூப்பிட்டா?”

பன்னிரண்டு பைகள் வரிசையாக அலமாரியில் இருந்தன. லதீஃபா ஏழாம் எண் பையிலிருந்து ஒரு பிடியும் பன்னிரண்டாம் பையிலிருந்து ஒரு பிடியும் எடுத்து, ஒரு தட்டில் தனித்தனியாகப் பரப்பினாள். பூதக்கண்ணாடியை ஆவுடையம்மாளிடம் நீட்டினாள்.

“ஏழு என்னோடது. மணியெல்லாம் நேரா, ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கா? இந்தப் பன்னிரண்டு ரகமும் கதிர்ல ரெண்டு வரிசையா மணி பிடிக்கிற சாதி. இடம் தாராளமா இருக்கும், மணி கோணாது. இந்தப் பக்கம் பாருங்க. மூணுல ரெண்டு மணி ஒரு பக்கமா முறுக்கியிருக்கு. இது ஆறு வரிசை பார்லி. நெருக்கியடிச்சு வளர்றதால ஓர மணி கோணிக்கும். கடையில உமியோட விக்கிறாங்களே, மாட்டுக்குக் காய்ச்சிக் கொடுக்க, அந்தச் சரக்கு.”

“ஒரு பார்வையிலேயே தெரியுமா?”

“எனக்கா? பையில கையை விட்டாலே தெரியும்.”

ஆவுடையம்மாள் முறுக்கிய மணி ஒன்றை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தார். மணி பதினொன்றரை. இவர் இப்படி நாள் முழுக்க உருட்டுவார் என்று நஜ்முதீன் வாயிலுக்கும் அலமாரிக்கும் நடக்க ஆரம்பித்தான்.

மாடி ஆபீஸில் கிருஷ்ணபிரசாத் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்காத கண். “நான் யார் பேரையும் சொல்லல. யாருக்கு ஆதாயம்னு டைரக்டர் கேட்டாங்க, சொன்னேன். எட்டு வருஷம் அந்த ரகத்துக்காக மலையேறினவன் நான்” என்றார். கேட்டதும் வயல் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார்.

முதல் பக்கத்தில் வயலின் வரைபடம். பாதையை ஒட்டி முன்வரிசையில் ஆறு பாத்தி, அதற்குப் பின்னால் ஆறு பாத்தி. நஜ்முதீன் எட்டிப் பார்த்தான். முன்வரிசையில் இடமிருந்து வலமாக ஒன்று முதல் ஆறு. ஆறுக்கு நேர் பின்னால் ஏழு. அங்கிருந்து இடப்பக்கமாக எட்டு, ஒன்பது என்று போய், ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு.

“பின்வரிசை தலைகீழா இருக்கே. எழுதினவருக்குத் தூக்கமா?”

“வயல்ல நடந்துகிட்டே எழுதறது இப்படித்தான்” என்றார் கிருஷ்ணபிரசாத் எரிச்சலாக. “ஆறாவதை முடிச்சுட்டு, மறுபடி இந்தக் கோடிக்கு ஓடிவந்தா தொடங்குவாங்க? நின்ன இடத்துல திரும்பறதுதான்.”

“வயல் விழா அன்னிக்குப் பாத்தியில எண் பலகை இருந்ததா?” என்று கேட்டார் ஆவுடையம்மாள்.

“எடுத்துட்டோம். வர்றவங்க இது யாரோடது, அது யாரோடதுன்னு கேப்பாங்க. ஆனா முதல் நாள் காத்துல எல்லாம் சாஞ்சு கெடந்துச்சு, லதீஃபாவோடது மட்டும் நிமிர்ந்து நின்னுச்சு. பாதி யூரியாவுலயே நல்லா விளைஞ்சும் இருந்துச்சு. பலகை இல்லாட்டியும் எல்லார் கண்ணும் அங்கதான், அது லதீஃபாவோடதுன்னு அன்னிக்கே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.” அதைச் சொல்லும்போது அவருக்குக் கசந்தது.

படியிறங்கும்போது நஜ்முதீன் கிசுகிசுத்தான். “இந்த ஆளேதான் அக்கா! தன்னோட ரகம் தோத்துரும்னு தெரியும். தானே ஒளிச்சு வச்சுட்டு, பழியை லதீஃபா தலையில போட்டுட்டான். மூஞ்சியைப் பார்த்தீங்கல்ல?”

“மூஞ்சியை வச்சு நான் இதுவரை ஒரு மூட்டையைக்கூடத் தள்ளுபடி பண்ணினதில்ல நஜ்மு” என்றார் அவர்.

சிவராமகிருஷ்ணன் இருவரையும் வரவேற்று உட்காரவைத்துச் சாயா வரவழைத்தார். நெற்றியில் சந்தனம், வெள்ளைச் சட்டை, நல்ல மனுஷர் என்று தெருவெல்லாம் பேர். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு போட்டோ இருந்தது. மலைச்சரிவு, மஞ்சள் பயிர், பின்வரிசையின் வலக்கோடியில் நிமிர்ந்து நின்ற ஒரே பாத்தியின் அருகில் முதலாளி கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நின்றார். இடக்கோடிப் பயிர் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது.

“வயல் விழாவுல எடுத்தது. என்ன பயிரு, என்ன பயிரு!” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “பன்னிரண்டாம் பை கெட்டுப்போச்சுன்னு செல்வி சொன்னா. பாவம் அந்தப் பொண்ணு லதீஃபா. ஆறு வருஷ உழைப்பு. நான் போய் என்ன ஆறுதல் சொல்லுவேன், சொல்லுங்க சர்வேயரம்மா.”

நஜ்முதீனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. காலையிலிருந்து அவளுக்காகப் பரிதாபப்பட்ட ஒரே ஆள் இவர்தான். ஆவுடையம்மாள் சாயாவை ஆற அமரக் குடித்து முடித்து, இன்னொன்று கேட்டார்.

நாலு மணிக்கு டைரக்டர் பாக்கியலக்ஷ்மி எர்ணாகுளத்திலிருந்து வந்து இறங்கினார். கறாரான பெண்மணி. வந்ததும் வாட்சைப் பார்த்தார். “கலூர்ல கூரியர் ஆபீஸ் ஆறு மணிக்கு மூடிருவாங்க. இன்னிக்குப் பை கிளம்பலன்னா விதைப்புக்குப் போய்ச் சேராது. லதீஃபா, நீ ஒழுங்கா எழுதிக் கொடுத்தா போலீசுக்குப் போகாம முடிச்சுக்கலாம்.”

வெளியே இடி உருண்டது. நஜ்முதீன் ஆவுடையம்மாளைப் பார்த்த பார்வையில், பேசுங்களேன் என்று கத்தாத குறை.

“அஞ்சு நிமிஷம் கொடுங்க மேடம்” என்றார் ஆவுடையம்மாள். “இங்க இருக்கற நாலு பேரும் எனக்கு ஒரு சின்ன வேலை செய்யணும்.”

லதீஃபா, கிருஷ்ணபிரசாத், சிவராமகிருஷ்ணன், இசக்கிசெல்வி நால்வரையும் மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தார். ஒவ்வொரு தாளிலும் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு கட்டம் போட்டிருந்தது. “இதுக்கு எண் போடுங்க. எப்படித் தோணுதோ அப்படி.”

கிருஷ்ணபிரசாத் தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். ஒரு நிமிஷத்தில் நாலு தாளும் திரும்பின. ஆவுடையம்மாள் அவற்றை டைரக்டர் முன்னால் விரித்தார்.

“லதீஃபாவும் கிருஷ்ணபிரசாத்தும் போட்டது பாருங்க. ஆறுல திரும்பி, நேர் அடுத்த வரிசையில ஏழு. கால் பழகினதைக் கை செய்யுது. மத்த ரெண்டு பேரும், நீங்களும் நானும் போடற மாதிரி, ரெண்டாவது வரிசையையும் இடப்பக்கத்துல இருந்து தொடங்கியிருக்காங்க. இவங்களுக்கு வலக்கோடிக் கட்டம் பன்னிரண்டு. வயல்காரங்களுக்கு அதே கட்டம் ஏழு.”

“அதனால என்ன?” என்றார் பாக்கியலக்ஷ்மி.

“பன்னிரண்டாம் பை காணாமப்போனா யாருக்கு லாபம்னு எல்லாரும் கேட்டீங்க. நானும் அங்கதான் முட்டிக்கிட்டு நின்னேன். அப்புறம் அந்தக் கடைச் சரக்கு யோசிக்க வச்சுது. பையில கைவிட்டாலே லதீஃபாவுக்கு வித்தியாசம் தெரியும், கிருஷ்ணபிரசாத்துக்கும் தெரியும். ஒளிக்க நினைச்சிருந்தா, மாடியிலேயே பழைய ரெண்டு வரிசை பார்லி மிச்சம் கிடக்கு, அதைப் போட்டிருப்பாங்க. முறுக்கின மணியைப் போட்டு, யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நம்பினவருக்கு ஒரு பார்லிக்கும் இன்னொரு பார்லிக்கும் வித்தியாசம் தெரியாது. அப்போ திருடினது இந்த ரெண்டு பேரும் இல்ல.”

கிருஷ்ணபிரசாத் நிமிர்ந்தார். முதன்முறையாக லதீஃபா பக்கம் அவர் முகம் திரும்பியது.

“பார்லி தெரியாதவருக்குக் கிருஷ்ணபிரசாத்தோட சாஞ்சுபோன ரகம் எதுக்கு? யாருக்குமே வேண்டாம். எல்லாரும் கண்ணு வச்சது நிமிர்ந்து நின்ன ஒரு பாத்தி மேல. அது லதீஃபாவோடது; அதோட எண் ஏழு. ஆனா பலகை இல்லாத வயல்ல பாதையில நின்னு, நம்மள மாதிரி எண்ணினா அது பன்னிரண்டு. திருடன் ஏழை எடுக்கத்தான் வந்தான். தப்பா எண்ணிப் பன்னிரண்டை எடுத்துட்டான்.”

நஜ்முதீனுக்குத் தன் தொடை ஆடுவது நின்றுபோனது கூடத் தெரியவில்லை.

“குளிர் அறைக்குச் சாவி இருந்து, இப்படி எண்ணக்கூடியவங்க ரெண்டு பேர். செல்வி வயலையே பார்த்ததில்ல. எதை எண்ணுவா?” ஆவுடையம்மாள் சிவராமகிருஷ்ணன் பக்கம் திரும்பினார். “நீங்க அந்தப் பாத்தி பக்கத்துல நின்னு போட்டோ எடுத்து, தினமும் கண்ணாடிக்கடியில பார்த்துக்கிட்டு இருக்கீங்க. போகட்டும். மத்தியானம் லதீஃபாவுக்காகப் பரிதாபப்பட்டீங்களே? பன்னிரண்டு யாரோடதுன்னு டைரக்டர் ரெண்டு பேர்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க. அது லதீஃபாவோட உழைப்புன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

“நான்... பொதுவாச் சொன்னேன்” என்றார் சிவராமகிருஷ்ணன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “போட்டோ எடுத்தது குத்தமா?”

“குத்தமில்ல. எனக்கு உங்களை நெனச்சாத்தான் பாவமா இருக்கு. யாருக்கோ வாக்குக் கொடுத்திருப்பீங்க. அவங்க அந்த விதையைப் போட்டு, முதல் காத்துல பயிர் பூரா தரையில படுத்ததும் உங்களைத் தேடி வருவாங்க.”

“படுக்காது! நான் ஒண்ணொண்ணா எண்ணித்தானே...”

வாயை மூடிக்கொண்டார். ஆனால் அது ஏற்கெனவே வெளியே வந்து எல்லார் காதிலும் விழுந்திருந்தது. இசக்கிசெல்வி, “அட பாவி மொதலாளி!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வெளியூர் விதைக் கம்பெனிக்காரன் ஒருவன் சனிக்கிழமை வருவதாக இருந்தது. ரகம் வெளியாகும் முன்பே அதைத் தன் பேரில் கொண்டுபோக ஆசைப்பட்டிருக்கிறான். திருடிய விதை, ஏலக்காய்ப் பெட்டிகளின் அடியில், கட்டுக் கூடப் பிரிக்காத பாலித்தீன் உறையில் இருந்தது. நஜ்முதீன் அதைத் தூக்கிக்கொண்டு மூன்று மூன்று படியாகத் தாவி வந்தான்.

கிருஷ்ணபிரசாத் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். “என்னுதுதான்” என்றார்.

பாக்கியலக்ஷ்மி எழுந்து நின்று, லதீஃபாவிடம் தன் வருத்தத்தை முறையாகத் தெரிவித்தார். ஆனால் அவர் கண் வாட்சை விட்டு அகலவில்லை. “மணி அஞ்சாகப் போகுது. பன்னிரண்டாம் பை வெளியாள் கைப்பட்டது. மறுபடி முளைப்பு பார்க்க நாலு நாள் ஆகும். விதிப்படி அதை நிறுத்திட வேண்டியதுதான். பதினொண்ணை அனுப்புங்க.”

எதிர்த்துப் பேசக் கிருஷ்ணபிரசாத்துக்கு வாய் ஏது? காலையில் அவர் சொன்ன வார்த்தை இன்னும் அந்த அறையில்தான் இருந்தது. கையிலிருந்த மணிகளை ஒன்று விடாமல் பைக்குள் திரும்பப் போட்டுக் கட்டினார்.

நஜ்முதீனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நல்லதுதானே! போட்டியே இல்லை. இந்தப் பெண்ணுக்கு இனி யார் குறுக்கே நிற்கப் போகிறார்கள்?

“நிறுத்தக் கூடாது மேடம்” என்றாள் லதீஃபா.

“விதி இருக்கு லதீஃபா.”

“கைப்பட்டதுன்னு மேல எழுதிருங்க. அங்க போய் முளைப்பு பார்த்துக்கட்டும். ஆனா விதை போகணும். இது போகாம நாளைக்கு என் ரகம் ஜெயிச்சா, ஊரு என்ன சொல்லும்? போட்டிக்காரனோட விதையைத் தொலைச்சுட்டு ஜெயிச்சவள்னு சொல்லும். இந்த மேஜையில இருக்கற ஏழு பேருக்கு உண்மை தெரியும். வயல்ல நிக்கறவனுக்குத் தெரியுமா? தோத்தா மண்ணுல தோத்துக்கறேன்.”

பாக்கியலக்ஷ்மி அவளையே பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து அட்டையில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மழை கொட்டத் தொடங்கியிருந்தது. நஜ்முதீன் ஆட்டோவை விரட்டினான். பின்சீட்டில் இருவருக்கும் நடுவே பைகள் அடுக்கியிருந்தன. தோப்பும்படி தாண்டிப் பாலத்தின் மேல் போகும்போது, கிருஷ்ணபிரசாத் “லதீஃபா, நான் உன்னை...” என்று தொடங்கினார்.

“அறுவடை முடியட்டும் சார். அப்ப பேசலாம்” என்றாள் அவள். கோபம் தீரவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

ஆறு மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது கலூர் கூரியர் ஆபீஸில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. நஜ்முதீன் குனிந்து உள்ளே பாய்ந்து, “சேட்டா, அடைக்கல்லே!” என்று கூவினான். கவுண்டரில் இருந்த ஆள் சலித்துக்கொண்டே ரசீதுப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தான்.

“எத்ர எண்ணம்?” என்று பைகளைக் காட்டிக் கேட்டான்.

கிருஷ்ணபிரசாத் மடியில் வைத்துக் கொண்டுவந்த கடைசிப் பையோடு இன்னும் வாசலிலேயே நின்றார். லதீஃபா திரும்பிப் போய் அதை அவர் கையிலிருந்து வாங்கி வந்து மற்றவற்றின் மேல் வைத்தாள்.

“பந்த்ரண்டு” என்றாள்.